ராட்டிஃபிகேஷன்: ‘பின்னேற்பு’ வேண்டாம், ‘ஏற்புறுதி’ நிற்குமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

அமெரிக்க அரசமைப்பின் வரைவை மாநிலங்கள் ‘ராட்டிஃபை’ (ratify) செய்ததற்கு, அதாவது ஏற்று உறுதிசெய்ததற்கு, தமிழில் ‘பின்னேற்பு’ என்ற பரிந்துரையில் எனக்கு உடன்பாடில்லை. அலுவலகக் கோப்புகளில் பின்னேற்பு என்றால், முன் அனுமதியில்லாமல் செய்துவிட்ட காரியத்துக்குப் பிறகு வாங்கும் ஆணை. செலவு முடிந்துவிட்டது, தாள் பின்னால் வருகிறது. 1787 செப்டம்பர் 17 அன்று பிலடெல்ஃபியாவில் 39 பேராளர்கள் கையெழுத்திட்டது அப்படியல்ல. அன்று அது வெறும் வரைவு. ஏழாம் உறுப்பின்படி ஒன்பது மாநிலங்கள் ஏற்றால்தான், அதுவும் ஏற்ற மாநிலங்களுக்கிடையே மட்டும், அதற்கு உயிர். ஒன்பதாவதாக நியூ ஹாம்ஷயர் 1788 ஜூன் 21-இல் 57–47 என்று ஏற்றது.

‘ஒப்புதல்’ மிகப் பொது. ‘ஏற்பு’ போதுமே என்றால், இயற்றிய அவையே ஏற்பதான அடாப்ஷனுக்கு (adoption) என்ன மிஞ்சும்? இந்திய அரசமைப்பு 1949 நவம்பர் 26-இல் அரசமைப்பு நிர்ணய மன்றத்திலேயே ஏற்கப்பட்டது, மாநிலங்களுக்குப் போகவில்லை. 368-ஆம் உறுப்பில் சில திருத்தங்களுக்குப் பாதிக்குக் குறையாத மாநிலச் சட்டமன்றங்கள் செய்வதுதான் ராட்டிஃபிகேஷன். இரண்டும் ஒரே பத்தியில் வரும், சொல் பிரிந்தே ஆகவேண்டும்.

ஆகவே ‘ஏற்புறுதி’; வினை ‘ஏற்புறுதி செய்’. ‘ஏற்புறுத்து’ என்று சுருக்கிவிடாதீர்கள். வற்புறுத்து, அறிவுறுத்து வரிசையில் சேர்ந்து, பிறரை ஏற்க வைப்பது என்றாகிவிடும்.

— — —

ஐயா,

‘நியூ யார்க்கில் ஏற்புறுதி’ என்று தலைப்பிட்டால், ‘வெற்றி உறுதி’ மாதிரி இனிமேல் நடக்கப் போவதாகப் படிப்பார்கள். திருப்பிப் போட்டு ‘உறுதியேற்பு’ என்றாலோ, கை நீட்டி உறுதிமொழி எடுப்பதுதான் நினைவுக்கு வரும். தலைப்பில் வினையோடு ‘ஏற்புறுதி செய்தது’ என்றே எழுத வேண்டும்.

எனக்கு அடைமொழிகளில்தான் கவலை. மாசசூசெட்ஸ் 1788 பிப்ரவரி 6-இல் 187–168 என்று ஏற்றபோது திருத்தங்களைப் பரிந்துரையாகத்தான் சேர்த்தது. அந்தத் திருத்தங்கள் ஏற்பைக் கட்டுப்படுத்தவில்லை. நியூ யார்க்கில் சண்டையே இதில்தான். திருத்தம் வராவிட்டால் விலகும் உரிமையை வைத்துக்கொண்டு ஏற்கலாமா என்று, அங்கே அரசமைப்பை ஆதரித்து வாதாடிய ஹாமில்டன் கேட்க, அது ஏற்பே ஆகாது, முழுமையாகவும் என்றென்றைக்குமாகவும் இருக்க வேண்டும் என்று அரசமைப்பை வரைந்தவர்களில் ஒருவரான மேடிசன் பதில் எழுதினார். கடைசியில் தீர்மான வாசகத்தில் ‘என்ற நிபந்தனையின் பேரில்’ போய் ‘என்ற முழு நம்பிக்கையோடு’ வந்தது. ஜூலை 26-இல் 30–27 என்று தேறியது.

‘உறுதி’ என்ற பாதியிலேயே மேடிசனின் வாதம் உட்கார்ந்திருக்கிறது, கவனித்தீர்களா? ‘நிபந்தனை ஏற்புறுதி’ முரணாக ஒலிக்கிறது. அரசமைப்பை எதிர்த்த தரப்பு கேட்டதை ‘நிபந்தனை ஏற்பு’ என்றும், மாசசூசெட்ஸ் செய்ததைப் ‘பரிந்துரையுடன் ஏற்புறுதி’ என்றும் பிரிக்கலாம்.

— — —

‘நிபந்தனை ஏற்பு’க்கு முழுச் சம்மதம். என்னால் அந்த முரணைத் தீர்த்திருக்க முடியாது.

கன்வென்ஷன் (convention), அதாவது ஏற்பதா என்று முடிவெடுக்க மாநிலங்களில் கூடிய அவை, பாக்கி. ‘மாநாடு’ என்றால் கட்சிக் கொடிகள் கண்ணில் தெரியும். ‘பேரவை’யோ சட்டமன்றம், அமெரிக்காவில் சட்டமன்றங்களிடம் விடக்கூடாது என்றுதான் தனியாகப் பேராளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் ‘பேராளர் அவை’. ரோட் தீவில் 1788 மார்ச்சில் மக்களே நேரடியாக வாக்களித்து மறுத்தது பொதுவாக்கெடுப்பு. 1790 மே 29-இல் 34–32 என்று ஏற்றதுதான் பேராளர் அவை.

இன்னொன்று: வட கரோலினா 1788 ஆகஸ்டில் ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. அதை ‘நிராகரித்தது’ என்று எழுதுவது பிழை. ‘ஏற்புறுதி செய்யாமல் நிறுத்தியது’ என்க. மறுப்பு வராவிட்டால் ஞாயிறன்று கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.