402-இல் 178 போனால்: "எனக்குக் கணக்கு வராது" என்கிற பிள்ளையோடு வகுப்பில் பட்டறிந்தவை

தங்கச்சிமடம், 4ஆம் வகுப்பு ஆசிரியை:

402 – 178. இதற்கு 376 என்று எழுதுகிறவளும் 234 என்று எழுதுகிறவனும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். சரியான விடை 224. இரண்டும் தப்புதான், ஆனால் ஒரே தப்பு இல்லை. 376 எழுதினவள் ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்துவிட்டாள். கடன் வாங்கும் பேச்சுக்கே போகவில்லை. 234 எழுதினவனுக்குக் கடன் வாங்கத் தெரியும். நூறிலிருந்து பத்துக்கு வாங்கி, அதிலிருந்து ஒன்றுக்குக் கொடுத்தான். கொடுத்த பிறகு பத்தாமிடத்தில் 9 தான் மிச்சம் என்பதை விட்டுவிட்டான். இவர்களிடம் "முயற்சி பண்ணு, வந்துரும்" என்றால் எதை முயற்சி பண்ணுவார்கள்?

பனை ஈர்க்கை ஒரே நீளமாக நறுக்கிப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போடுங்கள். அப்படிப் பத்துக் கட்டு சேர்ந்தால் ஒரு நூறு. நூறு குச்சியையும் உதிரியாக அள்ளி ஒரே கட்டாகக் கட்டினால் காரியம் கெட்டது. அவிழ்த்ததும் சிதறிவிடும், பத்து என்கிற படி கண்ணிலேயே படாது. நாலு பெருங்கட்டும் இரண்டு உதிரியும் கொடுத்து, ஒரு பெருங்கட்டை அவிழ்க்கச் சொல்லுங்கள். அதில் ஒரு சின்னக் கட்டை அவிழ்த்து உதிரியோடு சேர்க்கட்டும். "இப்ப முழுசா எத்தன சின்னக் கட்டு இருக்கு?" இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். "ஒம்பது" என்று சொன்ன வாயோடு, நோட்டை இழுத்து 10-ஐ அடிப்பான்.

பாம்பன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

டீச்சர் சொன்னதுதான் ஆணிவேர். உளவியலாளர்கள் கரோல் டுவெக்கும் கிளாடியா முல்லரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், "நீ கெட்டிக்காரப் பிள்ளை" என்ற பாராட்டு வாங்கிய ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கடினமான புதிர் வந்ததும் சோர்ந்தார்கள். உழைப்புக்காகப் பாராட்டு வாங்கியவர்கள் விடாமல் நின்றார்கள். இதைப் பாதியாகப் புரிந்துகொண்டு, தப்பாகப் போட்டவனையும் "நல்லா முயற்சி பண்ணின" என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுகிறோம். வெறும் முயற்சியைப் புகழ்வது போதாது என்று டுவெக்கே பின்னால் எழுதினார். "மொதல்ல கட்ட அவுத்துப் பாத்தியே, அதான் சரியா வந்துச்சு" என்று செய்த வேலையைச் சொல்லுங்கள்.

நம் ராமேஸ்வரம் தீவில் "கலாம் மாதிரி வரணும்" என்பதும் எல்லார் வாயிலும் இருக்கிறது. அவர் தலைமை தாங்கிய எஸ்.எல்.வி-3 ராக்கெட் 1979 ஆகஸ்ட் 10 அன்று வங்கக்கடலில் விழுந்தது. வால்வு ஒன்றின் பழுது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகுதான் 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போனது. பிள்ளைகளிடம் அந்த வால்வைச் சொல்லுங்கள்.

தேவிபட்டினம் பக்கம், நடுநிலைப்பள்ளிக் கணித ஆசிரியர்:

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போனதும் பெரிய வகுப்புப் பையன்கள் சிலர் நாலு நாள், ஐந்து நாள் வர மாட்டார்கள். வந்ததும் கடைசி பெஞ்சு. ½ + ⅓ = 2/5 என்று எழுதுவான். மண்டையில் ஏறாதது இல்லை காரணம், மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு) நடந்த அன்றைக்கு அவன் இல்லை. சுவரில் ஒரு தாள் ஒட்டி, தேதி, பாடம், பக்க எண் எழுதி வந்தால் விட்டுப்போனது எது என்று அவனே விரல் வைத்துக் காட்டுவான். துணைக்கு ஒரு பிள்ளை, தினம் பத்து நிமிடம்.

வலை பொத்துகிற வீட்டுப் பிள்ளைக்கு விளக்கம் கூடத் தேவையில்லை. கிழிசலின் ஓரத்தை இழுத்து முடிந்தால் அந்த இடம் சுருங்கும், வலை விரியாது. பிய்ந்த நூலை நறுக்கி, கெட்டியான முடிச்சிலிருந்து ஒவ்வொரு கண்ணியாகப் பின்னி வர வேண்டும். "ஒனக்குக் கெட்டியா இருக்கிற முடிச்சு எது?" என்று கேட்டால், "வாய்ப்பாடு தெரியும் சார்" என்பான். அங்கிருந்து மடங்குகளுக்குப் போகலாம்.

கீழக்கரை, தொடக்கப்பள்ளி ஆசிரியை:

தொடக்கப் பள்ளிகளுக்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்புகளில் ஒரு எச்சரிக்கை. அரும்பு, மொட்டு, மலர் என்பவை ஒன்றுக்கு மேல் ஒன்றான கற்றல் நிலைகள். "அரும்புப் பிள்ளைகள் இங்கிட்டு வாங்க" என்று கூப்பிட்டால் அது பட்டப்பெயர் ஆகிவிடும். "கழித்தலில் அரும்பு" என்று பாடத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். தமிழ் வாசிப்பில் அதே பிள்ளை மலராக இருப்பாள்.

தங்கச்சிமடம், 4ஆம் வகுப்பு ஆசிரியை:

நோட்டுத் திருத்துவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிவப்புப் பெருக்கல் குறிக்குப் பதில், தப்பான வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி போதும். எங்கே தவறினோம் என்று பிள்ளை தேட வேண்டும். 40 நோட்டையும் ஒரே நாளில் இப்படிப் பார்க்க முடியாது. நாளுக்கு எட்டு என்றால் ஐந்து நாளில் ஒரு சுற்று. பழைய கணக்கையே திரும்ப எழுதச் சொன்னால் பக்கத்து நோட்டைப் பார்த்துவிடுவார்கள். அதனால் 503 – 267 மாதிரி, நடுவில் சுழியம் வரும் புதுக் கணக்கு ஒன்று கொடுங்கள். 236 வந்தால் சரி. 246 வந்தால் மறுபடி ஈர்க்குக் கட்டை எடுங்கள்.