திருவெம்பாவை முதல் பாட்டு: கேலியா, உருக்கமா?

தலவாக்கலை_குளிர்:
எங்கள் தோட்டத்து மார்கழி பஜனையில் திருவெம்பாவை முதல் பாட்டை ஒப்பாரி மாதிரி இழுக்கிறார்கள். மாணிக்கவாசகர் திருவண்ணாமலையில் பாடியதாகச் சொல்லும் 20 பாட்டில், இது தூங்குகிறவளை எழுப்புகிற பாட்டு. ‘வன்செவியோ நின்செவிதான்’, உன் காது என்ன செவிட்டுக் காதா? கேலிதானே! லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், கதவைத் தட்டி ‘இன்னும் எந்திரிக்கலையா’ என்று கத்துகிற மாதிரி. ஓசையும் அப்படித்தான். ‘ஆதியும் அந்தமும் இல்லா அரும்பெருஞ் சோதியை’: விளச்சீரை அடுத்து நேரசை, மாச்சீரை அடுத்து நிரையசை. சீர் என்கிற சொல்துண்டுகள் ஒன்றோடொன்று சேர்கிற தளை எங்கும் தட்டாத வெண்டளை, வெண்பாவுக்குரிய ஓட்டம்.

பீலிக்கரை:
அண்ணே, கேலி மூன்றாம் அடியோடு சரி. ஐந்தாவதில் ‘விம்மிவிம்மி மெய்ம்மறந்து’ வருகிறதே? தெருவில் வாழ்த்தொலி கேட்டதுமே இன்னொருத்தி அழுது, பூம்படுக்கையிலிருந்து புரண்டு, அசைவில்லாமல் கிடக்கிறாள். அதை எப்படி ஓட்டமாகப் பாடுவது? அப்புறம், இது வெண்பாவும் இல்லை. 8 அடி, கடைசி அடியிலும் 4 சீர். வெண்பா என்றால் 3 சீரில் நின்றுவிடும். இது கொச்சகக் கலிப்பா என்கிற வேறு பாவகை. ‘ஏலோர் எம்பாவாய்’ என்று நீட்டி நிற்க இடம் இருக்கிறது.

தலவாக்கலை_குளிர்:
வெண்டளையான் வந்த கொச்சகக் கலிப்பா என்று முழுசாகச் சொல்லுங்கள் தங்கச்சி. நடையைத் தருவது தளை. விம்மியவள் கதையைச் சொல்வதும் தோழிகள்தான். ‘அவளைப் பார், நீயும் இருக்கிறாயே’ என்று குத்திக்காட்டுகிறார்கள்.

பீலிக்கரை:
குத்திக்காட்டுகிறவர்கள் எதற்கு ‘என்னே என்னே’ என்கிறார்கள்? கேலியாகத் தொடங்கி, சொல்லச் சொல்ல அவர்களுக்கே தொண்டை அடைத்துவிடுகிறது.

பழைய_லாந்தர்:
நான் யாப்பு படித்தவன் இல்லை, பஜனைக்கு முன்னால் லாந்தர் பிடித்துப் போனவன். பதினோராம் பாட்டில் ‘முகேரென்னக் கையாற் குடைந்து குடைந்து’ வருமே, அங்கே பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். விடிகாலையில் பீலியில், தண்ணீர் கொட்டும் குழாயடியில், குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வந்தவர்கள், தண்ணீர்ச் சத்தமான அந்த ‘முகேர்’ அவர்களுக்குத் தெரியும். முதல் பாட்டுக்கு யாரும் சிரித்துப் பார்த்ததில்லை.

தலவாக்கலை_குளிர்:
ஐயா, இழுத்துப் பாடினால் யார் சிரிப்பார்கள்? அதைத்தானே சொல்கிறேன்!

பீலிக்கரை:
சரி அண்ணே, முதல் 4 அடி உங்கள் வேகத்தில். ஐந்திலிருந்து எங்கள் இஷ்டம்.

தலவாக்கலை_குளிர்:
ஆறாம் அடியையும் கொடுங்கள். ‘புரண்டிங்ஙன்’ என்பதை நீங்கள் இழுக்கிற இழுப்பில் அவள் கட்டிலை விட்டு இறங்கவே மாட்டாள்.