மலையேறினால் சுருதி இறங்கும் அலுமினியக் கழுத்துக் கிட்டார்: என்ன செய்வது?

கேள்வி (அஸ்தம்பட்டி, சேலம்)
வணக்கம். என் மின் கிட்டாரின் கழுத்து, தலையிலிருந்து பிரிட்ஜ் (உடல்பக்கம் தந்திகளைத் தாங்கும் பகுதி) வரை ஒரே அலுமினியத் துண்டால் ஆனது. சேலத்தில் எவ்வளவு நேரம் வாசித்தாலும் சுருதி அசைவதில்லை. ஆனால் மாலை நிகழ்ச்சிக்காக ஏற்காடு சென்று, பையிலிருந்து எடுத்தவுடன் சுருதி சேர்த்து வாசித்தால், சிறிது நேரத்தில் எல்லாத் தந்திகளும் இறங்கிவிடுகின்றன. மூன்றாம் தந்தியும் தடித்த தந்திகளும் அதிகமாக இறங்குகின்றன. முதல் தந்தி குறைவாகவே இறங்குகிறது. நண்பரின் மரக் கிட்டாரோ சற்று ஏறுகிறது. ட்யூனிங் கீகளை மாற்றியும் பயனில்லை. தலைப்பக்கம் தந்திகளை இறுக்கிப் பிடிக்கும் லாக்கிங் நட் பொருத்தலாமா?

பதில் (ஏற்காடு)
தம்பி, அதற்குச் செலவிட வேண்டாம். லாக்கிங் நட் தந்தி நழுவுவதைத்தான் தடுக்கும்; இங்கே கழுத்தே சுருங்குகிறது. ஒரு டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் அலுமினியம் மீட்டருக்குச் சுமார் 23 மைக்ரோமீட்டர் சுருங்கும், தந்திகளின் எஃகு சுமார் 12 மட்டுமே சுருங்கும் என்பதால் தந்திகள் தளர்கின்றன. மரம் நார்ப்போக்கில் எஃகைவிடக் குறைவாகச் சுருங்குவதால் நண்பரின் கிட்டாரில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. முதல் தந்தி தன் பருமனுக்கு மிகுந்த இழுவிசையில் நிற்பதால் சிறு தளர்வு அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

மின் கிட்டார் பிறந்தபோதே இந்தச் சிக்கலும் உடன் பிறந்தது. ஜார்ஜ் பீச்சமும் அடால்ஃப் ரிக்கன்பேக்கரும் 1932-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘ஃப்ரையிங் பேன்’, மடியில் வைத்து வாசிக்கும் வார்ப்பு அலுமினியக் கருவி. மேடை விளக்குகளின் சூட்டில் அதன் சுருதி மாறியது. 1935-இல் அவர்களே பேக்லைட் என்னும் பிளாஸ்டிக்கில் ஒரு கிட்டாரைக் கொண்டுவந்தார்கள். இருந்தும் நாதம் நீண்டு நிற்கும் என்பதற்காக, கலிபோர்னியாவில் டிராவிஸ் பீன் 1974-இல் அலுமினியத்துக்கே திரும்பி, உங்கள் கருவியைப் போலவே பிரிட்ஜ் வரை செல்லும் கழுத்தை அமைத்தார். 1976-இல் வந்த கிராமர் கிட்டார்கள் அலுமினியக் கழுத்தின் பின்புறத்தில் மரப்பட்டைகளைப் பதித்தன. எடையும் குறைந்தது, கைக்குக் குளிர்ச்சியும் குறைந்தது. நெட் ஸ்டைன்பெர்கர் தலையே இல்லாத கருவிகளைக் கார்பன் இழையில் செய்தார். அப்பொருள் வெப்பத்தால் ஏறக்குறைய நீள்வதேயில்லை. 1958-இன் ஃப்ளையிங் வி (V எழுத்து வடிவக் கிட்டார்) போன்ற கூர்வடிவங்களையே பலரும் புதுமை என்று போற்றுகிறார்கள். பொருளை மாற்றத் துணிந்தவர்களின் முயற்சியே பெரிதென்பது என் உறுதியான கருத்து. நம் சேர்வராயன் மலையிலும் அலுமினியத்தின் தாதுவான பாக்சைட் கிடைக்கிறது என்பதால் எனக்கு இதில் தனிப் பற்றும் உண்டு.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி, ஐயா. அப்படியானால் எடுத்தவுடன் சேர்த்த சுருதி ஏன் சற்று நேரமாவது நிற்பதுபோல் தோன்றுகிறது? சேலம் திரும்பும்போது தந்திகளைத் தளர்த்த வேண்டுமா?

பதில் (ஏற்காடு)
மெல்லிய தந்திகள் உடனே குளிர்ந்துவிடும். கனமான கழுத்து மெதுவாகத்தான் குளிரும். அதுவரை சேர்க்கும் சுருதி நிலைக்காது. ஆகவே நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பே கிட்டாரைப் பையிலிருந்து எடுத்து, வாசிக்கப்போகும் இடத்திலேயே, ஆனால் விளக்கின் சூடு படாமல் வையுங்கள். கழுத்து அவ்விடத்தின் குளிருக்கு வந்தபின் ஐந்து நிமிடம் வாசித்து, கைச்சூடு ஏறியதும் சுருதி சேருங்கள். திரும்பும்போது தந்திகளைத் தளர்த்த வேண்டியதில்லை. அந்த ஏற்றம் ஓர் அரைச்சுரத்தைத் தாண்டாது, தந்திகள் அதைத் தாங்கும்.