ஆயில் ஃபில்டர் வாங்கும்போது எதைப் பார்த்து வாங்குகிறீர்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோவை_பெட்ரோல்

காலையில் காரை ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று நொடிகளுக்கு இன்ஜினிலிருந்து கடகடவென்று சத்தம் வந்தது. ஆயில் லைட்டும் வழக்கத்தைவிடத் தாமதமாகத்தான் அணைந்தது. அதன் பிறகு நாள் முழுக்க ஒரு குறையும் இல்லை. இரவு நிறுத்தி மறுநாள் எடுத்தால் மறுபடியும் அதே சத்தம். வெளியே ஒரு இடத்தில் ஆயில் சர்வீஸ் செய்து வந்த மறுநாளிலிருந்து இது தொடங்கியது.

ஆயில் கிரேடு சரி, அளவும் சரி. கடைசியில் ஒரு பழைய மெக்கானிக் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "ஃபில்டர் படுத்த வாக்கில் மாட்டியிருக்கு சார், உள்ளே வால்வு வேலை செய்யலைன்னா ராத்திரி முழுக்க ஆயில் கீழே இறங்கிடும்" என்றார். அதே ஆயிலை வைத்துக்கொண்டு ஃபில்டரை மட்டும் மாற்றினார். மறுநாள் காலை சத்தம் இல்லை.

கழற்றியதை அவர் அங்கேயே காட்டினார். அடித்தட்டில் வட்டமாக இருக்கும் சிறு துளைகள் வழியாகத்தான் ஆயில் உள்ளே போகும். அந்தத் துளைகளுக்குப் பின்னால் ஒரு ரப்பர் தட்டு உண்டு. ஆயிலை உள்ளே விடும், இன்ஜின் நின்றதும் திரும்ப இறங்கவிடாது. ஆன்டி டிரெயின் பேக் வால்வு என்பது இதுதான். எங்கள் வண்டியில் இருந்ததில் அந்த ரப்பர் அட்டை மாதிரி விறைத்துப் போயிருந்தது. ஃபில்டர் காலியானால் காலையில் பம்ப் முதலில் அதை நிரப்ப வேண்டும், அப்புறம்தான் பேரிங்குக்கும் ஹெட்டுக்கும் ஆயில் போய்ச் சேரும். அந்தச் சில நொடிகளின் தேய்மானம் தினமும் சேர்ந்துகொண்டே போகும்.

ஃபில்டர் என்றால் அழுக்கு பிடிப்பது, அவ்வளவுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். அதற்குள் இன்னும் என்னென்ன இருக்கிறது, எதைப் பார்த்து வாங்குவது? அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் எல்லோருக்கும் உதவும்.

நாமக்கல்_பட்டறை

வணக்கம் சார். லாரி பட்டறை வைத்திருக்கிறேன். நல்ல ஃபில்டர் எது என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஓடி முடித்து வந்ததை வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். எங்கள் பட்டறையில் கழற்றிய ஃபில்டர் எதையும் வெட்டிப் பார்க்காமல் வெளியே போடுவதில்லை.

ஹாக்ஸா பிளேடால் அறுக்காதீர்கள். அறுத்த இரும்புத் தூள் உள்ளே விழுந்துவிடும், இன்ஜினிலிருந்து வந்ததா பிளேடிலிருந்து வந்ததா என்று தெரியாது. டப்பாவைச் சுற்றிச் சுற்றி வெட்டுகிற ஃபில்டர் கட்டர் கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் வடிகட்டும் பேப்பரைக் கத்தியால் இரண்டு ஓரத்திலும் அறுத்து எடுத்து, சுத்தமான பனியன் வேஸ்ட் துணியில் சுற்றி வைஸில் வைத்து இறுக்கினால் ஆயில் வடிந்துவிடும். பிறகு விரித்து வெயிலில் பாருங்கள்.

காந்தத்தில் ஒட்டுகிற துகள் லைனர் (பிஸ்டன் ஓடும் உருளை), பிஸ்டன் ரிங், கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு) பக்கமிருந்து வந்திருக்கும். ஒட்டாமல் பளபளப்பதில் பேரிங் மேல்பூச்சும் இருக்கலாம், பிஸ்டன் அலுமினியமும் இருக்கலாம். செம்பு நிறம் தெரிந்தால் பேரிங்கின் மேல் அடுக்கு தேய்ந்து அடியில் இருப்பது வெளியே வருகிறது, அல்லது ஏதோ புஷ் போகிறது. வெளிமாநில லோடு ஓடுகிற ஒரு வண்டியில் இப்படிச் செம்பு மினுக்கம் பார்த்தேன். வண்டியில் சத்தம் இல்லை, பிரஷரும் ஓரளவு நின்றது. ஓனரிடம் பேப்பரையே கையில் கொடுத்துக் காட்டி, சம்பை, அதாவது இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டியை, இறக்கச் சம்மதம் வாங்கினேன். இரண்டு பேரிங் செம்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தன. பேரிங் மாற்றியதோடு போயிற்று, கிராங்க் தப்பித்தது. இன்னொரு லோடு அடித்திருந்தால் கிராங்க் கிரைண்டிங் வரை போயிருக்கும்.

இனி ஃபில்டரின் தரம். நல்லதில் மடிப்புகள் சீராக ஒரே இடைவெளியில் இருக்கும். மட்டமானதில் ஒரு பக்கம் மடிப்புகள் கும்பலாகச் சேர்ந்து, இன்னொரு பக்கம் அகலமாகப் பிளந்து நிற்கும். மடிப்பின் இரண்டு முனையும் சேரும் இடத்தில் பசை சரியாக இல்லாவிட்டால் ஆயில் அந்தச் சந்து வழியாகவே போய்விடும், பேப்பருக்கு வேலையே இருக்காது. நடுக்குழாய் நசுங்கிப் போனதையும் பார்த்திருக்கிறேன். கவனியுங்கள், கிழிந்த ஃபில்டரை வெட்டினால் பேப்பர் பெரும்பாலும் சுத்தமாகத்தான் தெரியும். "பாருங்க, இன்ஜின் எவ்வளவு சுத்தம்" என்று டிரைவர்கள் சந்தோஷப்படுவார்கள். அந்த அழுக்கெல்லாம் பேரிங்குக்குப் போயிருக்கும்.

மதுரை_டூவீலர்

சின்னதாக ஒன்று. எங்கள் அப்பாவின் ஸ்பிளெண்டருக்கு ஒரு சர்வீஸ் கடையில் ஆயில் ஃபில்டர் என்று தனியாகப் பில் போட்டிருந்தார்கள். அந்த வண்டியில் மாற்றுகிற பேப்பர் ஃபில்டரே கிடையாது. கம்பி வலை ஒன்று, கிராங்கோடு சேர்ந்து சுற்றுகிற ரோட்டர் ஒன்று, அவ்வளவுதான். ரோட்டர் சுற்றும் வேகத்தில் கனமான துகள்கள் ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். கிளட்ச் பக்கத்து கவரைக் கழற்றித் துடைத்தால் சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று வரும். இந்த மாதிரி 100 சிசி வண்டி வைத்திருப்பவர்கள் "ஃபில்டர் மாத்தியாச்சா" என்று கேட்பதை விட்டுவிட்டு, "ரோட்டரையும் வலையையும் துடைச்சீங்களா" என்று கேளுங்கள். டியூக், ஆர் 15 மாதிரி வண்டிகளில் பேப்பர் ஃபில்டர் உண்டு, அது வேறு கதை.

திருவொற்றியூர்_புல்லட்

மதுரை நண்பர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் ஊர் தொழிற்சாலையில் தயாரான பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டுகளில் கம்பளித் துணி மாதிரி ஃபெல்ட் ஃபில்டர் இருந்தது. அதைப் பெட்ரோலில் அலசித் திரும்பப் போடுகிற பழக்கம் பழைய ஆட்களிடம் உண்டு. அந்தப் பழக்கத்தில் இன்றைய வண்டியின் பேப்பர் ஃபில்டரையும் காற்றடித்து மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்ய விடாதீர்கள். காற்று அடித்தால் பேப்பரின் நார் பிரிந்து கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். புது புல்லட்டுக்கு முதல் 500 கிலோமீட்டர் சர்வீஸில் ஃபில்டர் மாற்றுவது முக்கியம். புது இன்ஜின் தேய்ந்து பழகும்போது வருகிற உலோகத் தூள் அதில்தான் இருக்கும்.

ஸ்பேர்ஸ்_கவுண்ட்டர்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஸ்பேர்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்கள் முக்கால்வாசி பேர் கேட்பது "ஒரிஜினல் இருக்கா, லோக்கல் என்ன விலை" என்பதுதான். எந்த மாடல், எந்த வருடம், என்ன இன்ஜின் என்று நாங்கள்தான் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது.

கண்ணால் பார்த்து "இதுவும் அதே சைஸ்தானே" என்று எடுத்துப் போவதுதான் இருப்பதிலேயே ஆபத்து. மரையைச் சொல்கிறேன். ஸ்பின் ஆன் ஃபில்டர்களில், அதாவது டப்பாவோடு திருகி மாட்டுகிறவற்றில், முக்கால் இஞ்ச் 16 மரை (ஒரு இஞ்சுக்கு 16 மரை) என்று ஒரு வகை, எம் 20, 1.5 மரை (மரைக்கு மரை 1.5 மில்லிமீட்டர்) என்று ஒரு வகை. முதலாவதின் விட்டம் 19.05 மில்லிமீட்டர், இரண்டாவது 20. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. இன்ஜினில் உள்ள முக்கால் இஞ்ச் ஸ்டட்டில் (மரைக் குழாயில்) எம் 20 ஃபில்டரைத் திருகினால் ஏறிவிடும், கேஸ்கெட் என்கிற ரப்பர் வளையமும் போய் ஒட்டும், இறுகியது போலவும் இருக்கும். ஆனால் மரையின் நுனி மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கும். குளிர்ந்த இன்ஜினில் ஆயில் பிரஷர் ஏறும்போது அது பிடுங்கிக்கொண்டு வந்தால், மொத்த ஆயிலும் ரோட்டில்தான். பைபாஸ் ரோட்டில் நின்றுபோன ஒரு காரைக் கயிறு கட்டி இழுத்து வந்து, கழன்று விழுந்த ஃபில்டரைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு டிரைவர் எங்கள் கடைக்கே வந்தார். அளந்து பார்த்தால் இதே கதை. அதனால் ஃபில்டர் நம்பரைச் சொல்லி வாங்குங்கள், முடிந்தால் பழையதையும் கொண்டு வாருங்கள். மரை லூசாக ஆடினால் மாட்டவே மாட்டாதீர்கள்.

இரண்டாவது விஷயம், பைபாஸ் வால்வு. பேப்பர் அடைத்துப் போனாலோ ஆயில் கெட்டியாக இருந்தாலோ இன்ஜின் ஆயில் இல்லாமல் நிற்கக் கூடாது என்று இந்த வால்வு திறந்து வழிவிடும். வடிகட்டாத ஆயில்தான் போகும், ஆனால் ஆயிலே போகாமல் இருப்பதற்கு அது மேல். சில இன்ஜின்களில் இந்த வால்வு பிளாக்கிலேயே இருக்கும், அதற்கான ஃபில்டரில் இருக்காது. சிலவற்றில் ஃபில்டருக்குள்தான் இருக்கும். எவ்வளவு பிரஷரில் திறக்க வேண்டும் என்பதும் இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். மரையும் கேஸ்கெட்டும் பொருந்துகிறது, டப்பா கொஞ்சம் பெரிது, அதிக அழுக்கு பிடிக்கும் என்று வேறு வண்டி ஃபில்டரை மாட்டச் சொல்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

டூப்ளிகேட் பற்றி. பெட்டி அச்சை நம்பாதீர்கள், அதுவும் நன்றாகத்தான் அடிக்கிறார்கள். பெட்டியில் உள்ள நம்பரும் டப்பாவில் உள்ள நம்பரும் ஒன்றா, பேட்ச், தேதி இருக்கிறதா என்று பாருங்கள். கேஸ்கெட் பள்ளத்தில் சீராக உட்கார்ந்திருக்க வேண்டும். மரையில் பிசிறு இருக்கக் கூடாது. ஓரத்துத் துளை வழியாக ஒரு தீக்குச்சியின் பின்பக்கத்தால் ஆன்டி டிரெயின் பேக் வால்வின் ரப்பரை மெதுவாக அழுத்துங்கள், மெத்தென்று உள்ளே போய்த் திரும்ப வர வேண்டும். சிலிக்கான் ரப்பர் பெரும்பாலும் ஆரஞ்சு நிறத்தில் வரும், சூட்டுக்கு நீண்ட நாள் விறைக்காது. கறுப்பு நைட்ரைல் ரப்பர் மட்டம் என்று அர்த்தமில்லை, ஆனால் அதை நேரத்துக்கு மாற்றிவிட வேண்டும். அப்புறம், காலிப் பெட்டியைக் கிழித்துப் போடுங்கள். முழுசாகப் போட்டால் அதில் வேறு சரக்கு வந்து உட்காரும்.

சேலம்_எஸ்யூவி

அண்ணா, அப்படியென்றால் ஷோரூமில் கிடைக்கும் கம்பெனி பெட்டியை மட்டும் வாங்கினால் பிரச்சினை இல்லைதானே? வெளியில் வாங்கும் பிராண்டுகளை நான் நம்புவதில்லை.

ஸ்பேர்ஸ்_கவுண்ட்டர்

அப்படியே வாங்குங்கள் தம்பி, தவறில்லை. வாரண்டி இருக்கும்வரை அதுதான் தொந்தரவு இல்லாத வழி. ஆனால் கார் கம்பெனிகள் பொதுவாகத் தாங்களே ஃபில்டர் செய்வதில்லை, ஃபில்டர் தயாரிப்பாளர்களிடம் செய்து வாங்குகின்றன. மான், மாலே, பாஷ், பியூரோலேட்டர், எலோஃபிக், லாரிக்கு ஃப்ளீட்கார்டு என்று சந்தையில் தெரிந்த பெயர்கள் இருக்கின்றன. கேட்டலாக்கில் உங்கள் இன்ஜினுக்கு என்று தனி நம்பர் போட்டிருந்தால் தைரியமாக வாங்கலாம். "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று கடைக்காரர் சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஈரோடு_டீசல்

ஸ்விஃப்ட் டீசல் வைத்திருப்பவர்களுக்கு. 1.3 லிட்டர் இன்ஜினில் டப்பா ஃபில்டர் இல்லை, உள்ளே போடும் எலிமென்ட் மட்டும்தான். மேலே திருகுகிற மூடி வண்டியோடே இருக்கும். எலிமென்டோடு ஒரு ஓ ரிங் (மூடியைச் சுற்றிப் போடும் ரப்பர் வளையம்) வரும், அதைக் கட்டாயம் மாற்ற வேண்டும். எங்கள் தெருவில் ஒருவர் வண்டிக்கு அடியில் தினமும் ஆயில் சொட்டு. மூடி உடைந்திருக்கும், புதுசு வாங்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கழற்றிப் பார்த்தால் புது எலிமென்ட், பழைய ஓ ரிங். சூட்டில் தட்டையாகிப் போயிருந்தது. புது ஓ ரிங்கில் கொஞ்சம் ஆயில் தடவி மாட்டியதும் நின்றுவிட்டது.

டீசலில் டர்போ இருப்பதையும் மறக்காதீர்கள். அந்த ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும், அதைத் தாங்குவது ஆயில் படலம் மட்டும்தான். ஃபில்டரில் கொஞ்சம் பணம் மிச்சம் பிடிக்க இது இடமே இல்லை.

கோவை_பெட்ரோல்

எல்லோருக்கும் மிக்க நன்றி. நாமக்கல் அண்ணா சொன்ன பிறகு கழற்றிய ஃபில்டரைத் தூக்கிப் போட மனம் வரவில்லை, கட்டர் வாங்கப் போகிறேன். இரண்டு சந்தேகம். சில பெட்டிகளில் மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கு போட்டிருக்கிறார்கள், அதை எப்படிப் புரிந்துகொள்வது? டீசலில் ஆயில் மாற்றி ஒரு வாரத்தில் கறுத்துவிடுகிறதே, அது ஃபில்டர் சரியில்லை என்பதாலா?

ஈரோடு_டீசல்

கறுப்புக்கும் ஃபில்டருக்கும் சம்பந்தம் இல்லை நண்பரே. டீசல் புகைக்கரி ஒரு மைக்ரானுக்கும் கீழே, ஃபில்டர் பேப்பரில் சுலபமாக நுழைந்துவிடும். அதைக் கட்டி சேராமல் மிதக்க வைப்பது ஆயிலில் உள்ள சேர்மானத்தின் வேலை. ஆயில் கறுத்தால் அது வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மைக்ரான் எண்ணை மட்டும் தனியாகப் படிக்கக் கூடாது. "20 மைக்ரான்" என்றால் ஒன்றும் புரியாது, 20 மைக்ரான் துகளில் எத்தனை சதவீதம் பிடிக்கும் என்று போட்டிருந்தால்தான் பொருள். பாதியைப் பிடிப்பதும் 20 மைக்ரான் ஃபில்டர்தான், 99 சதவீதம் பிடிப்பதும் 20 மைக்ரான் ஃபில்டர்தான். ஐஎஸ்ஓ 4548-12 என்ற சோதனை எண்ணோடு சதவீதம் கொடுத்திருந்தால் நம்பி ஒப்பிடலாம். பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே உள்ள இடைவெளியே சில பத்து மைக்ரான்தான், ஓடும்போது ஆயில் படலம் அதைவிட மெல்லியது. அந்த அளவுத் துகள்தான் அதிகம் கீறும்.

நாமக்கல்_பட்டறை

ஒன்று விட்டுப்போனது. எங்கள் பக்கம் திருச்செங்கோடு போர்வெல் (ஆழ்துளைக் கிணறு) போடும் வண்டிகள் நிறைய. தூசியிலேயே நிற்கிற வண்டிகள். அவற்றில் ஏர் ஃபில்டர் ஹோஸில் கிளிப் லூசாக இருந்தால், எவ்வளவு உயர்ந்த ஆயில் ஃபில்டர் போட்டும் பயனில்லை. மண் லைனரைத் தின்றுவிட்டுத்தான் ஆயிலுக்கே வரும். வெட்டிய பேப்பரில் விரலுக்கு நறநறவென்று மண் தட்டுப்பட்டால் ஆயில் ஃபில்டரைத் திட்டாமல் ஏர் ஹோஸைப் பாருங்கள்.

கோவை சார், அடுத்த முறை நீங்களே மாட்டுவதாக இருந்தால், பழைய கேஸ்கெட் பிளாக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேலேயே புதுசை ஏற்றினால் நிற்காது, பிரஷர் வந்ததும் பீய்ச்சிவிடும். புது கேஸ்கெட்டில் ஆயில் தடவி, கேஸ்கெட் தொடும்வரை கையால் திருகி, அங்கிருந்து முக்கால் சுற்று. டப்பாவிலேயே வேறு கணக்கு போட்டிருந்தால் அதன்படி. மாட்டும்போது ஸ்பேனர் வேண்டாம், அது கழற்றுவதற்குத்தான். ஸ்டார்ட் செய்து ஆயில் லைட் அணையும்வரை ஆக்சிலேட்டரைத் தொடாதீர்கள். கொஞ்ச நேரம் ஐடிலில் விட்டு, அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். நிறுத்திச் சிறிது நேரம் கழித்து டிப்ஸ்டிக் எடுத்தால் மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கும், ஃபில்டர் குடித்த ஆயில் அது. அதற்குத் தக்கபடி மேலே ஊற்றிக்கொள்ளுங்கள்.