பவுடர் பனியில் திரும்பினாலே கால் ரெண்டும் பிரியுது: எந்த டர்ன் சரி?

பிடோக்வாசி:
வணக்கம். இங்கே சிங்கப்பூரில் ஓடும் கம்பளத்தில் ஸ்கீ பழகி, ஜப்பானின் நிசேக்கோவில் சறுக்கிக்கிட்டு இருக்கேன். இயந்திரம் ஓட்டி அழுத்திய சரிவில் நடுத்தரமான சிவப்புத் தடம் வரைக்கும் தொல்லை இல்லை. ராத்திரி இறுகாத புதுப் பனி, அதாவது பவுடர், கொட்டி முழங்கால் அளவு நின்னாத்தான் கதை மாறுது. இடது பக்கம் திரும்பப் போனா வலது ஸ்கீ உள்ளே போயிடுது, இடது ஸ்கீ மேலேயே நிக்குது, நான் தலைகுப்புற விழறேன்.

கூட வர்ற நண்பர் "பின்னால சாய்ஞ்சுக்கோ" என்கிறார். சாய்ஞ்சா ரெண்டு டர்னிலேயே தொடை எரியுது. காணொளி பார்த்தால் ஒருத்தர் குதிக்கிறார், ஒருத்தர் ஸ்கீ விளிம்பால் கீறி வளையுற கார்விங் பண்றார், இன்னொருத்தர் ஸ்கீயைப் பக்கவாட்டில் வழுக்க விடறார். எதைப் பழகுறது? வாடகை ஸ்கீ, நடுவில் 76 மி.மீ. அகலம். சீனப் புத்தாண்டு லீவில் மறுபடி போறோம்.

தோபாயோகாரன்:
வெளிக்காலில் (இடது பக்கம் திரும்பினா வலது கால்) எடை போடறீங்க, அதான். கம்பளத்தில் அப்படித்தான் சொல்லித் தருவாங்க. கெட்டிப் பனியில் அது சரி, விளிம்பு கடிக்க ஒரு பரப்பு இருக்கு. பவுடரில் கடிக்க ஒண்ணுமே இல்லை. எடை விழுந்த ஸ்கீ மூழ்கும், எடை இல்லாதது மிதக்கும், கால் பிரியும். ரெண்டு காலிலும் ஏறக்குறைய சம எடை போடுங்க. காலை ஒட்டி வைக்க வேண்டாம், நடுவில் இன்னொரு பூட்ஸ் நுழையாத அளவு போதும்.

ஈசூன்அக்கா:
தம்பி, விழுறது டர்ன் ஆரம்பத்திலா முடிவிலா? வேகம் எப்படி?

பிடோக்வாசி:
ஆரம்பத்தில்தான் அக்கா. வேகம்னா பயம், சரிவுக்குக் குறுக்கே போய்த்தான் திரும்புறேன்.

ஈசூன்அக்கா:
பாதி பதில் அதிலேயே இருக்கு. குறுக்கே போனா வேகம் செத்துடும், வேகம் இல்லாம ஸ்கீ மிதக்காது. அப்புறம் மூழ்கின ஸ்கீயை முறுக்கித் திருப்பப் பார்ப்பீங்க, அது அசையாது. பவுடரே பிரேக் மாதிரி இழுக்கும், அதனால கெட்டிப் பனியில் பயப்படுற அளவு இங்கே பயப்பட வேண்டியதில்லை.

மிதமான சரிவா, ஆள் இல்லாத இடமாப் பார்த்து முதலில் நேராக் கீழே விடுங்க. முனை மேலே வர்றது தெரியும். இப்போ கணுக்கால், முழங்கால் ரெண்டையும் மடக்கி, ரெண்டு பாதத்தாலும் பனியை மெதுவா அழுத்துங்க. அடியில் பனி இறுகி உங்களைத் திருப்பித் தள்ளும். ஸ்கீ லேசாகுற அந்த நொடியில் கோலைத் தொட்டு, ரெண்டு பாதத்தையும் ஒண்ணாத் திருப்பணும். உடனே மறுபடி அழுத்தம். நெஞ்சு பள்ளத்தையே பார்த்திருக்கட்டும், திரும்புறது கால் மட்டும். படக்குனு மிதிச்சா காரியம் கெட்டுச்சு. 76 மி.மீ. ஸ்கீக்கு இந்தக் குட்டை டர்ன்தான் கைகொடுக்கும்.

புங்கோல்78:
எல்லாரும் சாயாதேன்னு சொல்றீங்க. நான் சாய்ஞ்சுதான் போறேன், ஓடுது லா.

தோபாயோகாரன்:
ஓடும் அண்ணே, பகல் சாப்பாடு வரைக்கும்! இடுப்பு குதிகாலுக்குப் பின்னால போனா உடம்பு எடை முழுக்கத் தொடைதான் தாங்கணும், ஸ்கீயின் முன்பாதி உங்க பேச்சைக் கேக்காது. பூட்ஸின் முன்நாக்கைக் கணுக்கால் லேசாத் தொட்டுக்கிட்டே இருக்கணும். முனை புதையுற மாதிரி இருந்தா உடம்பைச் சாய்க்காம, பூட்ஸுக்குள்ள கால்விரலைத் தூக்கிப் பாருங்க.

சாயுற பழக்கமே ஒல்லியா, நீளமா, நேரா இருந்த பழைய ஸ்கீக் காலத்து மிச்சம். 2002இல் ஸ்கீ வீரர் ஷேன் மெக்கான்கி யோசனையில் வந்த வோலன்ட் ஸ்பாட்டுலா ஸ்கீ அதைத் தலைகீழாக்குச்சு. தண்ணீர்ச் சறுக்குப் பலகையைப் பார்த்து வந்த வடிவம் அது: நடு அகலம், முனையும் வாலும் மேல்நோக்கி வளைவு. இன்னைக்குக் கிடைக்கிற அகல ஸ்கீயில் அந்தச் சாயல் நிறைய உண்டு. காணொளியில் பக்கவாட்டில் வழுக்கினவர் அந்த வகை ஸ்கீதான் போட்டிருப்பார். குதிக்கவே வேண்டாம், பாதத்தைத் திருப்பி வழுக்க விட்டாலே வேகம் குறையும். 76ல் அதைச் செஞ்சா பக்கவாட்டு விளிம்பு பனியில் மாட்டி உங்களைத் தூக்கி எறியும்.

சுத்தமான கார்விங்கை ஆழப் பனியில் மறந்துடுங்க. அகல ஸ்கீயில் திறந்த சரிவில் பெரிய வளைவாப் போகலாம், அதுக்கு வேகமும் துணிச்சலும் வேணும்.

பிடோக்வாசி:
அப்போ 115 மி.மீ. அகல ஸ்கீ எடுத்துடட்டுமா?

ஈசூன்அக்கா:
வேண்டாம். மதியத்துக்குள்ள சரிவெல்லாம் உழுது மேடு பள்ளமாயிடும், 115 அங்கே திரும்ப அடம்பிடிக்கும். 95 முதல் 105க்குள்ள, உங்க உயரத்துக்குப் பக்கத்து நீளத்தில் கேளுங்க. சைபீரியக் காற்று ஜப்பான் கடல் ஈரத்தை அள்ளிக்கிட்டு வந்து கொட்டுற ஹொக்கைடோ பனி பெரும்பாலும் உலர்ந்து லேசா இருக்கும். வெயில் பட்டு ஈரமாகி கனத்துச்சுன்னா எந்த முறையும் கஷ்டம், அன்னைக்கு அழுத்தின தடத்துக்கே போயிடலாம். கோலின் அடியில் பெரிய வளையம் இருக்கான்னு பாருங்க. ஸ்கீ கழலுதேன்னு பூட்ஸை ஸ்கீயோட பிடிச்சு வைக்கிற பைண்டிங்கை நீங்களே இறுக்கிடாதீங்க, முழங்கால் போயிடும்.

ஸ்கீ கழன்று காணோம்னா விழுந்து கிடக்கிற இடத்தில் தோண்டாதீங்க. கழன்ற இடத்தில், மேல்பக்கமா, கோலைப் படுக்க வச்சு பனியைக் குறுக்கே கீறிப் பாருங்க.

பிடோக்வாசி:
ரொம்ப நன்றி. கம்பளத்தில் இதைப் பழக முடியுமா? அப்புறம், நண்பர்கள் மரங்களுக்கு நடுவே கூப்பிடறாங்க.

தோபாயோகாரன்:
பவுடரை அங்கே பழக முடியாது. சம எடை போட்டுத் திரும்புறதை மட்டும் பழகலாம், பயிற்சியாளர் திட்டினா நான் பொறுப்பில்லை. தொடைக்கு அடுக்குமாடி புளோக் படிக்கட்டு இருக்கவே இருக்கு.

மரத்துக்கு நடுவே போறது, நினைச்ச இடத்தில் திரும்பவும் நிக்கவும் வந்தப்புறம். மரத்தடியில் கிளைக்குக் கீழே பனி இறுகாம குழி மாதிரி இருக்கும். தலைகீழா விழுந்தா தானா வெளியே வர்றது கஷ்டம், மூச்சுத் திணறி இறந்தவங்க உண்டு. விசில் வச்சுக்குங்க, ஜோடியா, ஒருத்தரை ஒருத்தர் பார்வையில் வச்சே போங்க. நிசேக்கோவில் கயிற்றைத் தாண்டக் கூடாது, வாசல் திறந்திருந்தாத்தான் எல்லைக்கு வெளியே போகலாம். மீறினா லிஃப்ட் டிக்கெட்டைப் பிடுங்கிடுவாங்க.