ஈறில் பிளாஸ்மா செல்கள் மிகுதி என்று அறிக்கை: அவசர உதவி தேவை

குடமுருட்டி: வணக்கம். என் மகனின் ஈறிலிருந்து எடுத்த சதைத் துணுக்கின் அறிக்கை நேற்று தஞ்சாவூரிலிருந்து வந்தது. ‘பிளாஸ்மா செல்களும் லிம்போசைட்டுகளும் அடர்ந்துள்ளன’ என்று எழுதியிருக்கிறார்கள். இது இரத்தப் புற்றுநோயா? மருத்துவரைத் திங்கட்கிழமைதான் பார்க்க முடியும். அதுவரை இருப்புக் கொள்ளவில்லை.

வெண்ணாறு: மகனுக்கு என்ன வயது? எந்தெந்தப் பற்கள்? எக்ஸ்ரே எடுத்தார்களா? அறிக்கையின் ஒரு வரியை மட்டும் வைத்து எதுவும் கூற இயலாது.

அரசலாறு: இதற்கு நான் முன்பே பலமுறை விடையளித்திருக்கிறேன், தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கலாம். லிம்போசைட் என்னும் வெள்ளணுக்களில் ஒரு வகையான பி செல் முதிர்ந்து, கிருமிகளை எதிர்க்கும் எதிர்ப்பொருளைச் சுரக்கும் நிலையே பிளாஸ்மா செல். நாட்பட்ட ஈறு நோயில் அது மிகுந்திருக்கும் என்று ஈறு நோய் ஆய்வாளர்களான பேஜும் ஷ்ரோடரும் 1976-லேயே விளக்கிவிட்டார்கள்.

கொள்ளிடக்கரை: ஆலும் வேலும் பல்லுக்குறுதி. வேப்பங்குச்சியை விட்டதன் வினை இது.

குடமுருட்டி: மன்னிக்கவும், வயது 15. பொங்கலன்று கரும்பைக் கடித்தவன், வலிக்கிறது என்று சொல்லவில்லை. பல் அசைகிறது என்று சொல்லித் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டான். கீழ் முன்பற்கள் இரண்டும் முதல் கடைவாய்ப் பல் ஒன்றும் ஆடுகின்றன. பற்களில் படியும் காரை அதிகம் இல்லை.

வெண்ணாறு: இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். காரை குறைவாக இருந்தும், பதின்பருவத்தில் முதல் கடைவாய்ப் பற்களையும் முன்பற்களையும் சுற்றி மட்டும் எலும்பு கரையும் ஈறு நோய் ஒன்று உண்டு. அதில் அடிக்கடி காணப்படும் அக்ரிகேட்டிபாக்டர் என்னும் பாக்டீரியா, லூகோடாக்சின் என்ற நச்சைச் சுரந்து நியூட்ரோபில் உள்ளிட்ட வெள்ளணுக்களைக் கொல்லும். இந்தத் தொற்றை எதிர்க்க அங்கே நோயெதிர்ப்புச் செல்கள் குவிவது வியப்பன்று.

கொள்ளிடக்கரை: காரையே இல்லாத பல்லுக்கு வேப்பங்குச்சி என்ன செய்யும் என்று கேட்பீர்கள். ஈறு இறுகும் என்பேன்.

அரசலாறு: நியூட்ரோபில்கள் மந்தமாக இருப்பதே இந்நோய்க்குக் காரணம். வேறு விளக்கம் வேண்டியதில்லை.

வெண்ணாறு: அது பழைய கருத்து, ஐயா. அவை மிகையாகத் தூண்டப்பட்டு, தாம் வெளிவிடும் நொதிகளாலேயே திசுவை அரிக்கின்றன என்று கருதுவோரும் உள்ளனர்.

அரசலாறு: கருதட்டும். 2018-இல் வெளியான ஈறு நோய்களின் வகைப்பாட்டில் இந்நோயின் பழைய பெயரையே எடுத்துவிட்டார்கள். அதனால் நோய் மாறிவிட்டதா?

வெண்ணாறு: பெயரைப் பற்றி நான் பேசவேயில்லை. குடமுருட்டி அவர்களே, அந்தப் பிளாஸ்மா செல்கள் பல குலங்கள் கலந்தவையா, ஒரே குலத்தைச் சேர்ந்தவையா (ஒரே தாய்ச் செல்லிலிருந்து பெருகியவையே ஒரு குலம்) என்று மருத்துவரிடம் கேளுங்கள். கலந்திருந்தால் புற்றுநோயைவிட அழற்சியின் பக்கமே சாயும். ஆன்டிபயாட்டிக்கைக் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். இந்நோய் குடும்பத்தில் தொடர்வதுண்டு; உடன்பிறந்தவர் இருந்தால் அவர் பற்களையும் காட்டுங்கள்.

குடமுருட்டி: மருத்துவரைப் பார்த்துவிட்டோம். புற்றுநோய் அன்று. வேர்ப்பகுதியைச் சுத்தம் செய்யத் தொடங்கிவிட்டார். இளையவளையும் வியாழனன்று அழைத்துவரச் சொன்னார். நன்றி.