கலைச்சொல் தேவை: மூடிய கூடத்தில் செடிவழி விளையும் கால்நடைத் தடுப்பு மருந்து

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கால்நடை மருத்துவ மாணவர்களுக்கான நோய்த்தடுப்புக் கையேட்டின் ஓர் இயலைத் தமிழில் எழுதி வருகிறேன். இம்மாத இறுதிக்குள் அது அச்சகம் போக வேண்டும்; தலைப்பே இன்னும் அமையவில்லை. தடுப்பு மருந்துக்கான புரதத்தை ஆக்கும் மரபணுவைச் செடிக்குள் செலுத்தி, அச்செடியை ஒளியும் காற்றும் நீரும் கட்டுப்படுத்தப்பட்ட மூடிய கூடத்தில் வளர்த்து, இலையிலிருந்து மருந்தைப் பிரித்தெடுக்கும் முறையைப் பற்றியது அவ்வியல். ஆங்கிலத்தில் இதை 'மாலிக்யூலர் ஃபார்மிங்' என்கிறார்கள். 'மூலக்கூற்று வேளாண்மை' என்று வகுப்பில் சொன்னபோது, மூலக்கூற்றை எப்படிப் பயிரிடுவது என்று ஒரு மாணவி கேட்டார். நியாயமான கேள்வி.

ஆக்கப்படும் சொல்லில் 'மூடிய' என்னும் பொருள் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் புரோடிஜீன் என்னும் நிறுவனம் மருந்துப் புரதத்துக்காக மரபணு மாற்றிய மக்காச்சோளத்தைத் திறந்த வயலில் சோதனையாகப் பயிரிட்டது. மறு பருவத்தில் அதே வயலில் சோயா விதைத்தபோது, உதிர்ந்து கிடந்த மக்காச்சோளமும் கூடவே முளைத்து, அறுவடையில் சோயாவோடு கலந்தது. 2002-இல் அது தெரியவந்தபோது ஏறத்தாழ 5,00,000 புஷல் (அமெரிக்கத் தானிய அளவு) சோயாவைக் கிடங்கோடு முடக்க வேண்டியதாயிற்று. நிறுவனத்துக்கு 2,50,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டது. பன்றிகளின் வயிற்றுப்போக்குக்கான தடுப்பு மருந்துச் சோளம் என்றே அன்றைய செய்திகள் அதைக் குறிப்பிட்டன. உணவுப் பயிரை விட்டும் திறந்த வயலை விட்டும் இத்துறை விலகியதற்கு இந்நிகழ்ச்சி ஒரு பெரிய காரணம்.

— கால்நடை மருத்துவ ஆசிரியர், நாமக்கல்

*

ஐயா, 'விளைமருந்து' என்று வைத்துக்கொள்ளலாம். விளைந்த மருந்து, விளைகின்ற மருந்து, விளையும் மருந்து என முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை இது. விளைநிலம், விளைபொருள் என்பன மக்கள் நாவில் ஏற்கெனவே இருப்பதால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 'தள்ளா விளையுளும் தக்காரும்' என்று வள்ளுவர் நாட்டுக்கு இலக்கணம் சொல்லத் தொடங்குவதே விளைச்சலை வைத்துத்தான்.

'மருந்து' என்னும் சொல்லையும் சற்று எண்ணிப் பாருங்கள். மரு என்றால் மணம். மருக்கொழுந்து, மருவு, மருந்து ஆகிய மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் நெடுநாளைய கருத்து. மணமுள்ள இலையே முதல் மருந்து. ஆகவே இலையிலிருந்து மருந்து எடுக்கும் முறைக்கு நம் மொழி முன்னரே பெயரிட்டுவிட்டது என்பேன். இதை இன்னும் விரித்தால், மருவுதல் என்பதற்குத் தழுவுதல், கலத்தல் என்னும் பொருள்களும் உண்டு. மருந்து உடலோடு கலப்பது. 'தடுப்பூசி' என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். ஊசி கருவி, மருந்து பொருள்.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை

*

மருவும் மருந்தும் ஒரே வேரா என்பதற்கு ஒலியொற்றுமையைத் தவிர வேறு சான்று காட்டப்படவில்லை. அதைத் தனி இழையில் பேசலாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் ஊசியைப் பற்றி அவர் சொன்னது முற்றிலும் சரி. வெள்ளைக்கழிச்சலுக்குக் கோழிக்குஞ்சின் கண்ணிலும் மூக்கிலும் லசோட்டா என்னும் தடுப்பு மருந்தைச் சொட்டாக விடுகிறோம். அங்கே ஊசியே கிடையாது.

எனக்கு வேறொரு கவலை இருக்கிறது. விவசாயிக்கும் ஆடு மாடு வளர்ப்பவருக்கும் எழுதுகிறவள் நான். 'விளைமருந்து' என்று தலைப்பிட்டால் வயலுக்குத் தெளிக்கும் பூச்சிமருந்து என்றே பாதிப் பேர் படிப்பார்கள். கிராமத்தில் 'மருந்தடித்தல்' என்றால் அதுதான். 'செடிவழித் தடுப்பு மருந்து' என்று வெளிப்படையாகச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? நீளம் ஒரு குற்றமன்று.

— வேளாண் இதழாளர், திருச்சி

*

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். கூடத்துக்கான சொல்லை யாரும் தொடவில்லை. தமிழ்நாட்டில் 'பசுமைக்குடில்' என்கிறீர்கள். எங்கள் பாடநூல்களில் 'பச்சைவீடு'. இரண்டுமே இங்கே பொருந்தா. அவை வெயிலை உள்ளே விடுபவை. ஜப்பானின் ஹொக்கைடோவில் மரபணு மாற்றிய ஸ்ட்ராபெரியை வளர்ப்பது முழுவதும் அடைக்கப்பட்ட கூடத்தில். அப்பழத்திலிருந்து நாய்களின் ஈறு அழற்சிக்கான இன்டர்ஃபெரான் என்னும் நோயெதிர்ப்புப் புரத மருந்து ஆக்கப்பட்டு, 2013-இல் அந்நாட்டின் ஒப்புதலையும் பெற்றது. ஆகவே 'அடைகூடம்' என்பதை முன்மொழிகிறேன்.

— மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்

*

அடைகூடம் என்பது நாமக்கல்லில் நடக்காது, ஐயா. இங்கே அடை என்றாலே முட்டை. அடைக்கோழி, அடைகாப்பான் என்று ஊரெங்கும் புழங்கும் சொற்கள். கோழித் தடுப்பு மருந்துகள் பலவற்றைக் கருவுற்ற முட்டையில்தான் வளர்க்கிறோம். அந்த இயலுக்கு அடுத்த இயலிலேயே 'அடைகூடம்' வந்தால் மாணவர் அதை முட்டை வைக்கும் அறை என்றுதான் கொள்வார்.

— கால்நடை மருத்துவ ஆசிரியர், நாமக்கல்

*

இவ்வளவு நேரமும் நாம் செடியைப் பற்றிப் பேசுகிறோம். செய்முறையைக் கொஞ்சம் பார்த்துவிட்டுப் பெயர் வைப்பது நல்லது. பெரும்பாலும் பயன்படுவது நிகோட்டியானா பெந்தாமியானா என்னும், ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட, புகையிலையின் உறவுச் செடி. சில வாரச் செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, மரபணுவைச் செடிக்குள் சுமந்து செல்லும் அக்ரோபாக்டீரியம் என்னும் நுண்ணுயிர் கலந்த நீரில் இலைகளை அமிழ்த்தி, கலனிலுள்ள காற்றை உறிஞ்சுவார்கள். இலையின் திசு இடுக்குகளில் இருந்த காற்று குமிழ்குமிழாக வெளியேறும். மீண்டும் காற்றை விட்டவுடன் அந்த இடத்தில் நீர் புகுந்து, இலை நனைந்த துணி போலக் கருத்துக் கனக்கும். ஒரு வாரம் போல விட்டுவைத்து, இலையை அறுத்து அரைத்துப் புரதத்தைப் பிரிப்பார்கள். செலுத்திய மரபணு விதைக்குப் போவதில்லை. அடுத்த தலைமுறைச் செடியில் அது இராது. ஆகவே எல்லாவற்றையும் 'மரபணு மாற்றப் பயிர்' என்று ஒரே பெயரில் அடைப்பது பிழை. ஸ்ட்ராபெரி அந்த வகை, இது அன்று.

இன்னொன்றும் உண்டு. 2006-இல் அமெரிக்க வேளாண் துறை கோழிகளின் வெள்ளைக்கழிச்சலுக்கு எதிரான ஒரு தடுப்பு மருந்துக்கு ஒப்புதல் தந்தது. செடிவழித் தடுப்பு மருந்துகளில் ஒப்புதல் பெற்ற முதல் மருந்து அதுவே. டௌ அக்ரோசயின்சஸ் நிறுவனம் அதைச் செய்தது புகையிலை உயிரணுக்களைக் கலனில் பெருக்கித்தான். வேரும் இல்லை, இலையும் இல்லை. அதை 'விளைந்தது' என்போமா, 'பெருகியது' என்போமா?

— உயிர்த்தொழில்நுட்ப ஆய்வாளர், கோவை

*

தாராளமாக 'விளைந்தது' என்னலாம். கடலில் முத்து விளைகிறது, பாத்தியில் உப்பு விளைகிறது. வேரும் இலையும் வேண்டும் என்று தமிழ் ஒருபோதும் கேட்டதில்லை.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை

*

தென்கொரியாவில் 2019-இல் ஒப்புதல் பெற்ற, 'கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர்' என்னும் பன்றிக் காய்ச்சலுக்கான தடுப்பு மருந்தும் அந்தப் பெந்தாமியானாச் செடியில் ஆக்கியதே. அதற்கு 'ஹெர்பாவேக்' என்று மூலிகையைக் குறிக்கும் பெயரையே வைத்தார்கள். நாமும் 'மூலிகைத் தடுப்பு மருந்து' என்னலாமே?

— மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்

*

கூடவே கூடாது. மூலிகையின் குணம் மூலிகைக்கே உரியது. இங்கே செடி வெறும் கலம். மருந்தின் குணம் வைரசின் புரதத்திலிருந்து வருவது. கொரிய மருந்தில் அந்த வைரசின் ஈ2 என்னும் ஒரு புரதம் மட்டுமே இருப்பதால்தான், தடுப்பு மருந்து போட்ட பன்றியையும் நோய் கண்ட பன்றியையும் குருதிச் சோதனையில் பிரித்தறிய முடிகிறது. மூலிகை என்று எழுதினால் இந்த அறிவியல் முழுவதும் மறைந்துவிடும். மாட்டுக்குக் கொடுக்கச் செடியைத் தேடி ஆட்கள் தோட்டத்துக்கே போய்விடுவார்கள்.

— வேளாண் இதழாளர், திருச்சி

*

அனைவருக்கும் நன்றி. அச்சகம் இனிப் பொறுக்காது. இயலின் தலைப்பை 'மூடுகூடத்தில் விளைமருந்து' என்று வைத்து, முதல் பத்தியில் 'செடிவழித் தடுப்பு மருந்து' என விரித்து எழுதிவிட்டேன். எதிர்ப்புக் குறைவாக இருந்தது இதற்குத்தான்.

— கால்நடை மருத்துவ ஆசிரியர், நாமக்கல்

*

'மூடுபனி'யில் பனி மூடுகிறது. 'மூடுகூட'த்தில் கூடம் எதை மூடுகிறது? செடியை என்று கொண்டால் தொகை நிற்கும், அதை ஏற்கிறேன். 'விளைமருந்து' தலைப்பில் தனியாக நிற்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. பூச்சிமருந்து என்று படிக்கப்படும் என்ற என் மறுப்பைச் சொல்லடைவில் ஒரு வரியாகவாவது சேர்க்கக் கோருகிறேன். அடுத்த பதிப்பின்போது மீண்டும் எழுதுவேன்.

— வேளாண் இதழாளர், திருச்சி